துரைமார்களின் மிருக ரட்சணைச் சங்கம்

பள்ளிவாசல் என்ற மலையூரில் மின்சார நிலையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருஷங்களில், அதற்கும் மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். சொந்த ஊர் கொல்லங்கோடு. இங்கிலீஷும் தமிழும் எழுதத் தெரியும் என்பதால், துரை வாயில் வருவதையெல்லாம் தமிழில் எழுதி ஒட்டுவதும் என் வேலையாயிற்று.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் எங்கள் துரைக்குக் காட்டு மிருகங்கள் மேல் இரக்கம் பிறந்தது. பிறந்த இடம் கிளப்பு. அதன் சுவர் முழுக்க வரையாட்டுத் தலைகளும் மிளாக் கொம்புகளும். அவற்றில் சில எங்கள் துரையே சுட்டவை. அந்தத் தலைகளுக்குக் கீழே உட்கார்ந்து குடித்துக்கொண்டே, மலையில் மிருகம் குறைந்துவிட்டது, கூலிகள் கண்ணி வைத்துத் தின்கிறார்கள் என்று துரைமார்கள் தீர்மானித்தார்கள். மலை மலையாகச் சோலையை வெட்டித் தேயிலை நட்டது யார் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளம்பும்போது சங்கம் உண்டாகியிருந்தது.

மறுநாள் காலை பிரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், துரை நாற்காலி மேல் ஏறி நின்று தோட்டத் தமிழில் பேசினார்.

"மிருகம் எல்லாருக்கும் சொந்தம். கண்ணி பாத்தா எடுத்து ஆபீசுக்குக் கொண்டா. நீங்க எல்லாம் சங்கத்துக்கு சினேகிதன்."

முதலில் கை தட்டியவர் டீ மேக்கர். ஃபாக்டரியும் அதன் ஸ்டோர் சாவியும் அவர் பொறுப்பு. எங்கே காட்டுக் கேளையாட்டுக் கறி வெந்தாலும் அவருக்கு ஒரு இலை உண்டு. அப்படிப்பட்டவர் முதல் அங்கத்தினராகிப் பித்தளை வில்லை ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களை ஏச எனக்கு வாயில்லை.

இரண்டு வாரம் யாரும் எதையும் கொண்டுவரவில்லை. மூன்றாவது வாரம் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். வேலையில்லாத நாளில் விறகுக்குக் காட்டுக்குள் போவாள். தலைச் சும்மாட்டை அவிழ்த்து என் மேஜை மேல் கொட்டினாள். பதினொரு கம்பிக் கண்ணிகள்.

"இத்தனையும் எங்கீங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

"தொரை பங்களாவுக்குப் பொறத்தால, ஓடைக்கு மேக்க. ஒண்ணுல ஒரு சினை மிளா கழுத்து அறுந்து கெடந்துச்சு, கிளாக்கரய்யா. தாய்க்கு உசிரு போயிருச்சு. வயித்துல கெடந்தது துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

கம்பியைக் கையில் எடுத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தேயிலைப் பெட்டிகளை மலைக்குக் கீழே இறக்கும் கம்பிவடம் நைந்துபோனால் ஃபாக்டரி ஸ்டோரில் சுருட்டிப் போடுவார்கள். இவை அந்த வடத்திலிருந்து பிரித்த இழைகள். கூலிகள் அந்த ஸ்டோர் வாசலைக்கூட மிதிக்க முடியாது. பங்களாச் சமையற்காரனும் டீ மேக்கரும் கூட்டாளிகள் என்பது கூலிகள் குடியிருந்த லயத்துக் குழந்தைக்கும் தெரியும். ஞாயிறு தோறும் துரையின் மேஜைக்கு மான்கறி வந்தது. எந்தத் துப்பாக்கி சுட்ட மான் என்று துரை ஒரு நாளும் கேட்டதில்லை.

கண்ணிகளைத் துரையின் முன் வைத்தேன். எடுத்த இடத்தையும் சொன்னேன். அவர் கம்பியைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டோர் இருந்த பக்கம் ஒரு பார்வை போயிற்று. அந்தப் பெண்ணிடம் "நல்லது, போ" என்றார். அவள் போனதும் இங்கிலீஷில் புது விளம்பரம் சொல்லத் தொடங்கினார். கூலிகள் காட்டுக்குள் போகக் கூடாது. யார் கையிலாவது கண்ணி இருந்தால், அதை வைத்தது அவரே என்று கொள்ளப்படும். வேலை போகும்.

ஆக, சினேகிதர்களுக்கு மரியாதை இவ்வளவுதான்.

அன்று மத்தியானம் முழுக்கக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தைரியம் கிடையாது. துரையின் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் துரைக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் எழுதியது இது: "விறகுக்குப் போகிறவர்கள் நாலைந்து பேராகப் போகவும். கண்ணியைக் கண்டால் அறுத்து அங்கேயே புதைத்துவிடவும். ஒருவரிடமும் கொண்டுவர வேண்டாம்." துரை அடியில் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

துரையும் டீ மேக்கரும் இல்லாத ஒரு காலை பார்த்து, அதைப் பிரட்டில் நானே உரக்கப் படித்தேன். கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"தொரை நெசமாவா இப்படிச் சொன்னாக?"

"காயிதத்துல அப்படித்தானுங்க இருக்குது."

அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

அதன்பின் பெண்கள் கூட்டமாகவே விறகுக்குப் போனார்கள், இடுப்பில் கவாத்துக் கத்தியோடு. மூன்றே மாதத்தில் துரையின் மேஜைக்கு மான்கறி வருவது நின்று, செம்மறிக்கறி வரத் தொடங்கியது. நடுவில் காட்டிலாகா அதிகாரி ஒருவர் வந்தார். மலையாளிதான், ஆனால் தமிழ் படிப்பார். சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, ஜனங்களையே காவலுக்குச் சேர்த்த துரை வேறு எங்கும் இல்லை என்று கிளப்பில் எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தாராம். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் புகழை வாங்கி வைத்துக்கொண்டார்.

கறி போன எரிச்சலில் டீ மேக்கர் ஒருநாள் அந்த விளம்பரத்தின் முன் நின்று முதல் முறையாக அதைப் படித்தார். ரட்சணைச் சங்கத்தின் முதல் அங்கத்தினர் சங்கத்தின் விளம்பரத்தைப் படிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. படித்த சூட்டிலேயே பங்களாவுக்கு ஓடினார்.

துரை என்னைக் கூப்பிட்டார். "இது நான் சொன்னதா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"சங்கம் வெச்சது அதுக்குத்தானுங்களே."

கழுத்து வரை சிவந்து போனார். விளம்பரத்தைக் கிழிக்கவும் வழியில்லை. அதிகாரி புகழ்ந்த காகிதம், அடியில் அவருடைய கையெழுத்து. அதனால் என்னைக் கிழித்தார். என் கையெழுத்து நன்றாக இல்லை என்று காரணம் எழுதி, அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார். என் முத்து முத்தான எழுத்தைக் காட்டி மற்றத் தோட்டத்துக் கிளார்க்குகளைத் திட்டியவர் அவர்தான்.

பெட்டியோடு ரோட்டில் வண்டிக்கு நின்றபோது அந்தப் பெண் கொழுந்துக் கூடையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். நடந்ததை முழுவதும் சொன்னேன். துரை சொன்ன உண்மையான உத்தரவையும் சொன்னேன். மாட்டிக்கொண்டால் அவர்களுக்கும் வேலை போகும் அல்லவா.

"அன்னைக்கே தெரியும், கிளாக்கரய்யா. இப்படிச் சொல்ற வாயா அது?" என்றாள். "நீங்க போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

பிறகு எனக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் ஒரு மண்டியில் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டத்துக்குப் போய் வரும் லாரி டிரைவர் ஒருவர், பெண்கள் இன்னும் கூட்டமாகத்தான் விறகுக்குப் போகிறார்கள் என்று சொன்னார். துரை சீமைக்குப் போய்விட்டாராம். போகும் முன் கிளப்பில் விருந்து வைத்து, வாயில்லா ஜீவன்களின் காவலர் என்று அவரைப் பேசினார்களாம். பேசியிருப்பார்கள். பேச்சில் அவர்கள் எந்தக் காலத்திலும் குறை வைத்ததில்லை.