முயலுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது

எங்கள் வீட்டு முயலைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த மகள் எங்களிடம் விட்டுவிட்டுப் போன முயல் அது. விற்றவர் ஆண் என்று சொல்லிக் கொடுத்தார். நாங்களும் நம்பினோம்.

தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைக்கிறேன். மெஷினுக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணிக் குவியலில்தான் அது பகல் முழுக்கப் படுத்திருக்கும். பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் கணவர் அதைத் தொட்டதே இல்லை. காலில் வந்து உரசினால் காலை இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் அவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வா. கூட்டுக்குள்ள ரத்தமா கிடக்கு."

"பீட்ரூட் தோலு போட்டேன். அந்தக் கலரா இருக்கும்."

குனிந்து பார்த்தேன். பீட்ரூட் இல்லை. கூண்டில் விரித்த சாக்கில் ரத்தம் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. முயல் மூலையில் கூனிப்போய் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

திருநெல்வேலியில் ஒரு கால்நடை டாக்டர் முயல் பார்ப்பார் என்று மகள் போனில் விசாரித்துச் சொன்னாள். வாடகைக் கார் பிடித்துப் போனோம். டாக்டர் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரும்மா இதை ஆணுன்னு சொன்னது? இது பெண் முயல்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்கேன் எடுத்த பிறகு அவர் சிரிக்கவில்லை.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. எடுத்திரணும். விட்டா பரவிரும்."

சில வருடங்களுக்கு முன் ஒரு லேடி டாக்டர் எனக்கும் இதையேதான் சொன்னார். கர்ப்பப்பையில கட்டி, எடுத்திரணும் என்று அதே வார்த்தைகள். இவர் ஏதோ என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஒரு ஸ்டீல் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரியது இருந்ததா என்று நான் மறுபடி குனிந்து பார்த்தேன். கணவர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பி வரும்போது முயல் இருந்த கூடையை அவரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம், "அண்ணாச்சி, மெதுவா. தையல் போட்டிருக்கு," என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முயல் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுபோகும், அப்புறம் பிழைக்காது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். அவர் கொடுத்த மாவைக் கரைத்துச் சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். புழுக்கை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் துண்டில் சுற்றித் தூக்கினேன். வயிற்றில் மயிர் வழித்த இடத்தில் தையல் தெரிந்தது. கையிலிருந்த சிரிஞ்ச் கீழே விழுந்தது.

"தள்ளு, நான் பாக்குதேன்," என்றார் அவர்.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. பெயிண்ட் கேட்டு யாரோ போன் பண்ணினார்கள். வீட்டில் ஆபரேஷன் பண்ணிய ஆள் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முயலைத் தொடையில் அணைத்து வைத்துக்கொண்டு புகட்டினார். அது முகத்தைத் திருப்பியது. மாவு அவர் வேட்டியில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டினார்.

"கொஞ்சம் முழுங்கு தாயி. வலிக்குதா? ரொம்ப வலிக்குதா?"

நான் மெஷினை நிறுத்தினேன். என் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தபோது இதே மனிதர் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து கடை ஆளோடு போன் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் கடைக்குப் போனார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆம்பளைகள் அப்படித்தான், இவருக்கு இதெல்லாம் வராது என்று நானே எனக்குச் சொல்லிச் சமாதானம் ஆகியிருந்தேன். வராமல் இல்லை, வருகிறது. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"என்கிட்ட ஒரு நாளும் இப்படிக் கேக்கலியே நீங்க."

அவர் கை அப்படியே நின்றது. சிரிஞ்சைத் துண்டின் மேல் வைத்தார்.

"ஒங்கம்மா கூட இருந்தாவ. பொம்பளைக சமாச்சாரம், நாம என்ன கேக்கன்னு இருந்துட்டேன்."

"அதுக்கு?"

"நேத்து அந்தத் தட்டுல பாத்தப்பதான் தெரிஞ்சுது. உள்ள இருந்து அறுத்து எடுத்தா எப்படி இருக்கும்னு அதுவரைக்கும் நான் நெனச்சே பாக்கலட்டி."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமா என்றால் அதுவும் சரியாக வரவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, கழுவிய தழையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவர் கூப்பிட்டார். துண்டில் மிளகு போலச் சின்னச் சின்னதாய்க் கறுப்பாகச் சில புழுக்கைகள் கிடந்தன. குடல் வேலை செய்கிறது. நான் தழையை நீட்டினேன். முகர்ந்தது, திரும்பிக்கொண்டது, பிறகு ஒரு காம்பை இழுத்து மென்றது. நாங்கள் இருவரும் அதன் வாயையே பார்த்தோம்.

அதன் பிறகு அது தேறிவிட்டது. தையல் பிரித்து, மயிரும் வளர்ந்து, பழையபடி ஓடுகிறது. அவர் கடையிலிருந்து வரும்போது அதற்கு அருகம்புல் பறித்து வருகிறார். எனக்கு ஆபரேஷன் தழும்பு இப்போதும் மழைக்காலத்தில் இழுக்கும் என்பதை அவரிடம் சொன்னேன். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது வானம் கறுத்தால் இழுக்கிறதா என்று கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன். ஆனால் சில நாள் அவர் கேட்கிறபோது, இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தீர்கள் இதை என்று எனக்கு வாய்வரை வருகிறது. சொல்லாமல் மெஷினை மிதிக்கிறேன்.