நான் வீழ்த்திய ஊர்

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த ஒரு வாரம். நைனார்பாளையத்தில் அப்போது நான் தையல் கடை வைத்திருந்தேன். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, பேப்பரும் வரவில்லை. தைக்கத் துணி கொடுப்பாரில்லை. ஆனாலும் என் கடை பெஞ்சில் கூட்டம் குறையவே இல்லை. காரணம், ஈரான் - ஈராக் சண்டை.

ஏழு வருஷமாக அவர்கள் அங்கே சண்டை போட்டார்கள், நாங்கள் இங்கே போட்டோம். எதிர்க்கடையில் உரம் விற்பவர் ஈராக் கட்சி. "பெரிய பெரிய நாடெல்லாம் அவனுக்கு ஆயுதம் குடுத்துக்கினு கீது. அவன் எப்படிய்யா தோப்பான்?" என்பார். நான் ஈரான் கட்சி. "இழுத்துக்கினே போற சண்டையில ஜனம் ஜாஸ்தி இருக்கறவன்தான் ஜெயிப்பான்" என்பேன். ஓரத்தில் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் கரும்பு விவசாயி மட்டும், "ரெண்டு பேருக்கும் துப்பாக்கி விக்கறவன் ஜெயிப்பான், போங்கய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

அன்று காலையில் உரக்கடைக்காரர் என்னை ரொம்பவே சீண்டிவிட்டார். எனக்கோ வாய்க்கொழுப்பு. பேப்பர்தான் வரவில்லையே, யார் சரிபார்க்கப் போகிறார்கள்? "காலையில ரேடியோவுல சொன்னான். பஸ்ரா வுழுந்துட்ச்சி" என்று அடித்துவிட்டேன். பஸ்ரா ஈராக்கில் பெரிய ஊர். அந்தப் பக்கம் குண்டு விழுகிறது என்றுதான் ரேடியோவில் கேட்டிருந்தேன். மீதி என் சரக்கு. பேப்பரில் ஒரு ஊர் 'விழுந்தது' என்றால் எதிரி பிடித்துவிட்டான் என்று அர்த்தம். அப்படித்தான் நானும் சொன்னேன்.

குழந்தையின் கவுனை வாங்கிப்போக ஒரு பெண் வந்து நின்றிருந்தாள். துபாய்க்காரர் வீட்டுப் பெண் என்பார்கள். வெளிநாட்டுக்கு யார் போனாலும் எங்களுக்கு அது துபாய்தான்.

"இன்னா வுழுந்துச்சிண்ணா?" என்று கேட்டாள்.

"பஸ்ரான்னு ஒரு ஊரும்மா. மொத்தமா வுழுந்துட்ச்சி" என்றேன், ஜெயித்த மிதப்பில்.

கவுனை வாங்காமலே போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து அவள் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "இன்னாண்ணா சொன்னீங்க அவகிட்ட? அவ வூட்டுக்காரரு அந்த ஊர்லதான் கட்டட வேல செய்யறாரு. கொழந்தயத் தூக்கிக்கினு, அவர அங்க அனுப்பன கள்ளக்குறிச்சி ஏஜென்ட்டு வூட்டுக்கு நடந்தே பூட்டா!"

எனக்கு உயிரே போய்விட்டது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்த நேரத்தில், ஊரே விழுந்தது என்றால் அவள் என்னவென்று நினைத்திருப்பாள்? கட்டடங்கள் எல்லாம் ஆட்கள் மேல் சரிந்துவிட்டன என்றுதானே!

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். குறுக்கே கிடந்த புளியமரங்களில் ஒவ்வொன்றிலும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத் தாண்டினேன். நாலாவது மரத்தின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. காலில் செருப்பில்லை.

"நான் சொன்னது பொய்ம்மா. வாதத்துல ஜெயிக்கறதுக்காகச் சொன்னேன்" என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"அப்ப ஊரு நிக்குதா?"

"நிக்குதும்மா." அதுவும் எனக்குத் தெரியாது.

குழந்தையின் தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடினாள். பிறகு, "யாருண்ணா தோத்தா சண்ட சீக்கிரம் முடியும்?" என்று கேட்டாள்.

ஏழு வருஷத்தில் எங்கள் பெஞ்சில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் வீட்டுக்காரரின் கடிதம் ஒன்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் நிம்மதியாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே இருந்த தேதியைக் காட்டினாள். "இது நீங்க சொன்னதுக்கு முந்தி எழுதினதுண்ணா." பொய் என்று நானே சொல்லியும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. அடுத்த கடிதம் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தபால்காரரை முதலில் மறித்துக் கேட்டது நான்தான்.

மறுவருஷம் சண்டை நின்றது. யாரும் ஜெயிக்கவில்லை. அவர் நல்லபடியாகத் திரும்பி வந்து, என் கடையிலேயே சட்டை தைக்கக் கொடுத்தார். நான் கூலி வாங்க மறுத்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

இப்போதும் எங்கேயாவது சண்டை மூண்டால், யார் ஜெயிப்பார்கள் என்று கடையில் பேச்சு வரத்தான் செய்கிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.