ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாடும் கார்கள்

கார் ஸ்டீரியோ மாட்டுகிறவனைத் தேடி, பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல யாரும் வருவதில்லை. பாட்டுக்கு நடுவே ‘உய்ங்’ என்கிறது என்று சொல்லத்தான் வருகிறார்கள். மைசூரு தேவராஜ மொஹல்லாவில் கடை போட்டு ஏழு வருடமாக அந்த ‘உய்ங்’கோடு குடித்தனம் நடத்துகிறேன். இதே தொழிலில் இருக்கும் அன்பர்களே, நீங்களும் ஏதோ ஒரு காரின் சீட்டுக்கடியில் தலையை விட்டுக்கொண்டு இதையெல்லாம் அனுபவித்திருப்பீர்கள்.

முதல் கார்

ஃபேக்டரி வேலையை விட்டுக் கடை திறந்த முதல் வாரம். தமிழர்கள் நிறைந்த மார்டள்ளி கிராமத்துக்காரர், கட்டட மேஸ்திரி முருகேசன், வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய காரோடு வந்தார். டிக்கியில் ஆம்ப்ளிஃபையரை வைத்தேன். ஸ்டீரியோவிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுபோகும் வயரைத் தடிமனாகப் பார்த்து இழுத்தேன். இன்ஜினைப் போட்டதும் ‘உய்ங்’. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. இன்னும் தடிமனான வயர் போட்டும் அப்படியேதான். மூன்றாம் நாளும் அவர் முகம் சுளிக்காமல் வந்து நின்றார். எனக்குத்தான் கவலை. முதல் வாடிக்கையே கைவிட்டுப் போனால், கடையைச் சாத்திவிட்டுப் பழைய சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அன்று கார்பெட்டைத் தூக்கியபோது அவரும் குனிந்து பார்த்தார். பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரும் பாட்டு வயரும் ஒரே கட்டாக ஓடின. எது என்ன என்று கேட்டுக்கொண்டார். அடுத்த அரை மணி நேரத்தில் பவர் வயரை இடது ஓரமாகவும் பாட்டு வயரை வலது ஓரமாகவும் பிரித்துவிட்டேன். கார் அமைதியானது, எனக்கும் மூச்சு வந்தது. பிரிக்க வேண்டும் என்று எனக்கு உறைக்க வைத்தது மேஸ்திரி அப்போது கேட்ட ஒரு கேள்விதான்: “செவுத்துல நாங்க கரண்டு வயரயும் டிவி வயரயும் ஒரே பைப்புல உடமாட்டமுங்க, காருக்குள்ள உடலாமுங்களா?”

வீணை வாத்தியார்

கண் பார்வை இல்லாத வீணை வாத்தியார் ஒருவர், மகள் ஓட்டிவந்த காரில் வந்தார். மாணவர்கள் வாசித்து அனுப்பும் பாடங்களை அவர் காரில் போகும்போதுதான் கேட்டுத் திருத்துவார். கார் போடும் ‘உய்ங்’ வீணையின் சுருதியை ஒட்டியே நிற்கிறதாம்; மகள் வேகமெடுத்தால் மேலே போகிறதாம். பிசகியது வீணையா காரா என்று பிரிக்க முடியாமல் ஒரு மாணவியை அநியாயமாகக் கோபித்துக்கொண்டுவிட்டேன் என்று நிஜமாகவே வருந்தினார்.

பவர் வயரும் பாட்டு வயரும் ஏற்கெனவே தனித்தனியாகத்தான் இருந்தன. அதனால் தங்க முலாம் பூசிய முனையோடு ஒரு தடி வயரைச் சிபாரிசு செய்தேன். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். உள்ளே இரண்டு கம்பிகளைப் பின்னல்போல முறுக்கிய மெல்லிய வயர் ஒன்று இருந்தது. எது என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னார். மகள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அவர் பின் சீட்டில் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் மெல்லியதைத்தான் நல்லது என்றார். பிறகு அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெலிசா இருந்தா என்ன, இதுதான் வாயை மூடிண்டிருக்கு.”

அந்த மாணவியை மறுநாளே கூப்பிட்டுப் பேசிவிட்டார் என்று பின்னால் மகள் சொன்னார்.

எட்டு மாதக் குழந்தை

சமீபத்தில் ஓர் இளைஞர் வந்தார். தமிழைவிடக் கன்னடம் சரளமாக வரும். தினமும் சாயங்காலம் மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் காரில் ஒரு சுற்று அழைத்துப் போவாராம். மனைவிக்குப் பிடித்த பாட்டு சுத்தமாகக் கேட்க வேண்டும் என்றார். வெளிக் கவசம் பிய்ந்துபோயிருந்த பழைய வயரை எடுத்துவிட்டு, முறுக்கு வயர் போட்டுக் கொடுத்தேன். ஒரு பொட்டுச் சத்தமில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மூவரும் வந்து நின்றார்கள். அப்பா அம்மா இருவர் கண்களும் சிவந்திருந்தன. குழந்தை மட்டும் அம்மா தோளில் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்த ‘உய்ங்’கைக் கேட்டுத்தான் அது தூங்கியிருக்கிறது. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா கன்னடம் கலந்து மெதுவாகக் கேட்டார்: “அண்ணா, அந்தப் பழைய வயர் இருக்கா? இருந்தா அதையே திரும்ப ஹாக்கிடுங்க.”

இப்போதெல்லாம், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே கையில் எடுக்கிறேன்.