அம்மை குத்த நான் கொடுத்த உத்தரவு

எட்டு வயதில் ஒரு காலைப் பொழுது முழுக்க நான் மாரியாத்தாவாக இருந்திருக்கிறேன். ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட பதவி இல்லை. என் தம்பிக்கு அம்மை குத்த விடக்கூடாது என்று அம்மா செய்த அவசர ஏற்பாடு அது.

அறுபதுகளில் நடந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அடுத்த குப்பத்தில் இரண்டு வீடுகளில் பெரியம்மை கண்டிருந்தது. அதனால் தடுப்பூசி போட அம்மை குத்துகிறவர் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவர் தலை தெரிந்ததுமே பாதிப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் தம்பிக்கு ஐந்து மாதம். எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு அம்மை குத்தினார்கள். பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். குத்தியதால்தான் செத்தாள் என்பது அத்தையின் தீர்ப்பு. அத்தை நைனாவுக்கு அக்கா, அடுத்த வீட்டுக்காரி. அவள் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

நைனா விடியலிலேயே ஏரிக்குப் போயிருந்தார். அம்மா வாசல் கூரையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அம்மை இருக்கிறது என்று அர்த்தம். வெளியாள் லேசில் உள்ளே வரமாட்டான். என்னைப் பாயில் படுக்கவைத்து முகத்தில் மஞ்சளை அப்பினாள். பள்ளிக்கூடத்தில் வீட்டைக் கேட்காமலே எனக்குக் குத்தியிருந்தார்கள். அந்தத் தழும்பு தெரியாதபடி தோள் வரைக்கும் வேப்பிலையைப் பரப்பினாள்.

"அசையாத. யார் இன்னா கேட்டாலும் ஒடம்பெல்லாம் எரியுதுன்னு சொல்லு. வேற பேச்சு பேசாத."

முதலில் வந்தது அத்தைதான், கையில் இளநீரோடு. அவளுக்கு இது பொய்யென்று தெரியாது. வாசலில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, எறங்கி வந்துட்டியா! கொயந்தைங்கள ஒண்ணும் பண்ணிடாத தாயே!" என்று அழுதாள். தினம் ஒருமுறையாவது என் காதைத் திருகுகிற அத்தை! எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் சைக்கிள் வாசலில் நின்றது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து வாசற்படிக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கும்மா?"

"பெரிய பொண்ணுக்கு. நேத்துலேர்ந்து அம்மா வாத்துகீது. அம்மா வாத்த ஊட்ல ஊசி வெக்கக் கூடாது சார். போய்டுங்க."

தம்பியை மார்போடு இறுக்கிக்கொண்டு அம்மா மூலையில் நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் அந்த வாசனை தெரிந்தது. எறாக் குழம்பு! வேப்பிலைக்கு ஓடிய அவசரத்தில் அம்மா அதை இறக்க மறந்துவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, கவிச்சி கூடவே கூடாது. குப்பத்தில் நடக்கப் பழகாத குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம். வெளியே நின்றவர்களுக்கு, எந்நேரமும் கவிச்சி அடிக்கும் ஏரிக்காற்றில் அது பிரிந்து தெரிந்திருக்காது. உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாயின் பேரில் நாடகம் ஆடியவளை அத்தையும் மன்னிக்கமாட்டாள், குப்பமும் மன்னிக்காது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு அடியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அவர் எழுந்து போகவில்லை. வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தாயே, இந்தக் குழந்தைக்குக் குத்தணும். நீ உத்தரவு குடுத்தா குத்தறேன். வேண்டாம்னா இப்படியே திரும்பிப் போறேன்."

அம்மை கண்டவர் வாயிலிருந்து வருவது தாயின் வாக்கு. அதை யாரும் மீற முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேண்டும் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் இந்த மனிதர் குழம்புச் சட்டியைத் திறந்து காட்டிவிடுவார் என்று நினைத்தேன். பக்தியும் இல்லை, அறிவும் இல்லை, வெறும் பயத்தில்தான் சொன்னேன்.

"குத்து."

அவர் பையைத் திறப்பதற்குள் அம்மா தம்பியின் கையிலிருந்து துணியை விலக்கிவிட்டாள். சின்ன இரும்பு வட்டத்தைத் தோளில் வைத்து ஒரு திருகு திருகினார். தம்பி வீல் என்று அலறினான். "ஒரு வாரத்துல காய்ச்சல் வரும், கொப்புளம் வரும். பயப்படாதம்மா, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே அத்தையே தன் பேரனை நீட்டிக்கொண்டு நின்றாள். தாய் உத்தரவு கொடுத்த பிறகு தோப்பில் ஒளிந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஏழாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கை வீங்கிவிட்டது. இரண்டு நாள் பால் குடிக்கவில்லை, அழக்கூடச் சக்தி இல்லாமல் முனகினான். அவன் செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. அவன் மூச்சு ஓடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அத்தை வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடி இது, ஒண்ணு போனது பத்தலியா ஒனக்கு? யாரக் கேட்டுக் கைய நீட்டுன?"

அம்மா தலை நிமிராமல் என்னைக் கைகாட்டினாள். "நான் ஒண்ணும் சொல்லல. எம் பொண்ணுதான் குத்தச் சொல்லிச்சி. நீயும் கேட்டுக்கினுதான நின்ன?"

அம்மா அதையே நைனாவிடமும் சொன்னாள், தண்ணீர் எடுக்கிற இடத்தில் கேட்டவர்களிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் குறுகிப்போனேன். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் விடியும்போது தம்பிக்கு வியர்த்தது, பால் குடித்தான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் உதறிவிட்டு ஓடினேன். பொய்யை அவள் செய்துவிட்டுப் பழியை என் தலையில் போட்டாளே என்கிற கோபம் எனக்குப் பல வருஷம் ஆறவில்லை.

அம்மா போன பிறகு ஒருநாள் நைனா பேச்சுவாக்கில் சொன்னார். அக்காவைப் பொன்னேரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்தது அம்மாதானாம். அத்தை தடுத்தும் கேட்கவில்லையாம், நைனாவே வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். அக்காவைப் புதைத்த அன்றிலிருந்து, குத்து என்ற வார்த்தையை அவள் தன் வாயால் சொல்ல முடியாதவளாகிவிட்டாள். தம்பிக்காக அதை வேறு யாராவது சொல்ல மாட்டார்களா என்று பயத்தில் வேப்பிலை செருகிய அவளே மூலையில் நின்று காத்திருந்தது எனக்கு எட்டு வயதில் தெரியவில்லை.