தண்டவாளத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை

சித்தப்பா சென்னையில் ரயில் பெட்டி செய்கிற ரயில்வே தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்துகிறவர். அந்த ஒரு காரணத்துக்காகவே நாட்டிலுள்ள ரயில் ஜன்னல்கள் எல்லாம் எங்கள் குடும்பச் சொத்து என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். சின்னசேலத்தில் அவருக்குப் பெண் பார்த்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அதற்குள், இனிமேல் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கப்போகிறார்கள் என்று எவனோ டீக்கடையில் பேப்பர் படித்துச் சொல்லிவிட்டான். பெண் வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நேரில் வந்து பேசிவிட்டுப் போ என்று அப்பா சித்தப்பாவுக்குத் தந்தி அடித்தார்.

அவர் வருகிற நாளாகப் பார்த்து ரயில் மறியல். எங்கள் சாதிக்காரர்களுக்கு அரசாங்க வேலையில் தனியாகப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராகக் கிளம்பியிருந்த காலம் அது. மலையடிவாரத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து சின்னசேலம் போகிற வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சித்தப்பாவை அழைத்துவரக் கிளம்பிய அப்பா ஒவ்வொரு மரத்தையும் தாண்ட சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினார். நான் பின்னால் ஏறிக் குதித்தேன். எனக்கு அது திருவிழாவாக இருந்தது.

ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரயில் நின்றுகொண்டிருந்தது. தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் முதல் வரிசையில் பெண்ணின் அப்பா! பையோடு இறங்கி வந்த சித்தப்பாவைக் கண்டதும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“இன்னா தம்பி, பொட்டியெல்லாம் வெளிநாட்லேர்ந்து எறக்கப் போறாங்களாமே. நெசந்தானா?”

“அப்பிடித்தான் பேசிக்கிறாங்க மாமா. எங்களுக்கே ஒண்ணும் புரியல. ஒரு மாசம் வேல ஜாஸ்தின்றாங்க, மறுமாசம் கம்மின்றாங்க.”

அப்பா சித்தப்பாவின் காலை மிதித்தார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

“நாங்க வேலையில பங்கு கேட்டு இங்க குந்திக்கினு இருக்கறோம். நீ இன்னாடான்னா இருக்கற வேலையே நெலைக்குமான்னு தெரியலன்ற.”

எனக்கு ஒரே குழப்பம். வேலை கேட்கிறவர் ரயிலை நிறுத்துகிறார், ரயில் செய்கிறவரோ வேலையே போய்விடலாம் என்கிறார், இரண்டு பேரும் சம்பந்தம் செய்யப்போகிறவர்கள். நான் யார் பக்கம் கோஷம் போடுவது? சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பெண்ணின் அப்பா மறுபடியும் தண்டவாளத்தில் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தார்.

“சரி, வந்து குந்து. வேல இருந்தா இன்னா, போனா இன்னா. நம்ம ஜனத்தோட நிக்கறவனுக்குத்தான் என் பொண்ணு.”

சித்தப்பா ரயிலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “வேணாண்டா” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பேரும் உத்தியோகமும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டையும் சத்தமாகச் சொன்னார்.

கல்யாணம் நிச்சயம், எனக்குப் பட்டுப் பாவாடையும் நிச்சயம் என்று நான் கைதட்டிக் குதித்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல காரியம் நடந்திருக்கும்போது இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவர் ரயிலை மறித்தால், வெளிநாட்டுப் பெட்டி கப்பலேறுகிற வரைக்கும்கூட வேலை காத்திருக்காது என்று தெரிகிற வயதா அது?