இரண்டு தாயத்து

இன்று ஆம்பூரில் தோல் கொட்டகை வாசலில் தம்பிக்காகக் காத்திருந்தபோது, தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. அப்பாவின் கை வாசனை அது. அவரும் தோல் கொட்டகையில்தான் வேலை செய்தார்.

தம்பிக்கு ஒரு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. எவ்வளவு ஜெபம் பண்ணியும் இறங்கவில்லை. அப்பா தர்காவுக்குப் போய்த் தாயத்து வாங்கிவந்து, அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் அவன் அரைஞாணில் கட்டினார். காய்ச்சல் விட்டது. அப்பாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனையில், தம்பியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் போதகரிடம் போய் நின்றார்.

“ஐயரே, கர்த்தர நம்பாம தாயத்து கட்டிட்டேன். நீங்களே அவுத்துடுங்க” என்று அழுதார்.

போதகர் தம்பியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாப்பா இது, ரெண்டு இருக்குது?”

“நான் ஒண்ணுதான் ஐயரே கட்டுனேன்!”

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா மெல்ல எழுந்தாள்.

“இவரு கட்டுனத பாத்துட்டேன் ஐயரே. ஒண்ணு பத்துமோ பத்தாதோன்னு, மாரியாத்தா கோயில்லேர்ந்து நானும் ஒண்ணு...”

போதகர் வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அப்பா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

எங்கள் சபைக் கோயிலில் ஆண்களுக்கு ஒரு பாய், பெண்களுக்கு ஒரு பாய். அன்று ஒருநாள்தான் அப்பாவும் அம்மாவும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

“இன்னாக்கா, தனியா சிரிக்கிற?” என்று தம்பி வந்து என் தோளைத் தொட்டான். அவன் கையிலும் அதே வாசனை.