செல்வமலர் சொன்ன வெள்ளிக்கிழமை

கிழவனை அந்தரிக்க விட்டுவிட்டு ஓடிவந்தவள் என்றா செல்வமலரைச் சொல்கிறீர்கள்? நல்லாயிருக்கிறது கதை! டொலார்ட் முருகன் கோவில் வரிசையில் புஷ்பவதி அவள் முகத்துக்கு நேரேயே கேட்டாள்: “என்ன பிள்ளை, யூதக் கிழவன்ர வீட்டில என்னத்தைச் சுருட்டினனி? கலைச்சுப்போட்டாங்களாம்!” செல்வமலர் வாய் திறக்கவில்லை. அவள் திறக்காவிட்டால் என்ன, நடந்ததைக் கேளுங்கள்.

யூதர் செறிந்து வாழும் கோட்-சான்-லூக்கில் ஹெர்ஷல் சில்பர்மன் என்ற கிழவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவர் தங்கள் ஜெபக்கூடத்தில் சனிதோறும் தோரா என்ற வேதச் சுருளை வாசிப்பவர். மோசேயின் ஐந்து புத்தகங்களையும் கிழமைக்கு ஒரு பகுதியாக வாசித்து, வருடத்தில் முடித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். சுருளின் எபிரேய எழுத்தில் உயிரொலிக் குறியும் இல்லை, பாடுவதற்கான இராகக்குறியும் இல்லை. அதனால் கிழமை முழுக்கக் குசினி மேசையில் பாடிப் பாடி மனதில் ஏற்றுவார். ஒரு சொல் பிழைத்தாலும் சபை சத்தமாகத் திருத்தும்.

“திருத்தினாத்தானே மலர், வேதம் வேதமா இருக்கும்” என்று சிரிப்பார்.

எண்பது தாண்டியதும் பிழை கூடியது, நினைவும் தடுமாறியது. அவருக்கு வெட்கமில்லை, மகன் ஆலனுக்குத்தான் மானம் போயிற்று.

“சனி விடிய அப்பாட்ட, இண்டைக்கு வெள்ளி எண்டு சொல்லு. அங்க வாசிக்க வேற ஆள் பிடிச்சாச்சு. ஏலாதெண்டா உன்ர இடத்துக்கும் வேற ஆள் பாப்பன்” என்றான் அவளிடம்.

செல்வமலர் தன் தாயை மட்டக்களப்பிலிருந்து தன்னிடம் எடுப்பிக்க விண்ணப்பித்திருந்த நேரம். வேலை போனால் அதுவும் போகும். சனி விடிய அப்படியே சொன்னாள். கிழவர் நம்பி, போட்ட கோட்டைக் கழற்றிவிட்டு, மேசையில் இருந்து இன்னொரு தரம் பாடினார்.

பின்னேரம் சவர மெஷின் இரைகிற சத்தம் கேட்டது. வெள்ளி பின்னேரம் சவரம் செய்து சனி ஓய்வுநாளுக்கு ஆயத்தமாவது அவர் வழக்கம். ஓய்வுநாளில் லைற் சுவிச்சைக்கூடத் தொடாத மனிதர்! செல்வமலர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள்.

“மிஸ்டர், இண்டைக்குச் சனி. நான் பொய் சொல்லிப்போட்டன்.”

ஒரு கன்னம் மழித்தும், மறு கன்னம் நரைமயிரோடும் நின்றார். ஏசவில்லை.

“அங்க ஆர் வாசிச்சது?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஆலன் வந்தான்.

“அடுத்த சனியும் அப்பிடியே சொல்லு. அவருக்கு ஒண்டும் ஞாபகமில்லை.”

உண்மைதான். கிழவர் அடுத்த பகுதியைப் பாடிக்கொண்டிருந்தார்.

“என்னால ஏலாது” என்று வீட்டுத் திறப்பை ஆலன் கையில் கொடுத்தாள் செல்வமலர்.

கிழவர் நிமிர்ந்தார். “எங்க மலர் போறாய்? சனிக்கு முதல் வந்திடு.”

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.